காட்டுக்குள் கருகிக் கிடந்த விமானம்! ஐ.நா. தலைவர் சாவில் தீராத மர்மம்

நள்ளிரவு 12 மணி தாண்டி சில நிமிடம் இருக்கும். விமான நிலைய விளக்குகள் தெரிகின்றன என்று வானத்தில் இருந்து விமானி தகவல் கொடுத்தார். அதோடு சரி. விமானம் தரை இறங்கவே இல்லை!

1961-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந்தேதி இது நடந்தது. இடம், ஆப்பிரிக்காவில் உள்ள எண்டோலா நகரம். இப்போது சாம்பியா நாட்டில் இருக்கிறது. அன்றைக்கு அது வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்த வடக்கு ரொடீசியா.

விமானத்தில் வந்தவர் சாதாரண ஆள் அல்ல. ஐ.நா. சபையின் பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷீல்ட். வயது 56.

வேறு எங்கோ போய்விட்டார் போலிருக்கிறது என்று சொல்லி விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். சுமார் 15 மணி நேரம் கழித்துத்தான் விமானம் கிடந்த இடம் தெரிந்தது. அது எங்கே கிடந்தது? விமான நிலையத்தில் இருந்து ஏறக்குறைய 15 கிலோ மீட்டர் தூரத்துக் காட்டில்!

மொத்தம் 16 பேரில் 15 பேர் பிணமாகக் கிடந்தார்கள். காவலர் ஒருவருக்கு மட்டும் உயிர் இருந்தது. அவரும் சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

பிரதமர் மகன்

ஹாமர்ஷீல்ட் 1905-ல் சுவீடன் நாட்டில் பிறந்தவர். அப்பா, முதல் உலகப் போர் சமயத்தில் அந்த நாட்டின் பிரதமர். மகன் படிப்பில் படுகெட்டி. பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1951-ல் மந்திரி ஆனார். ஆனால் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

1953-ல் ஐ.நா. பதவி தேடி வந்தது. ஏப்ரல் முதல் தேதி நெருங்கிய நேரம். யாரோ முட்டாள் ஆக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம்!

சத்தம் போடாத ஆபீசர், சொன்னதைக் கேட்பார் என்று வல்லரசுகள் கணக்குப் போட்டன. கணக்கு தப்பிவிட்டது.

சீனாவின் ஜெயிலில் அமெரிக்க விமானப்படையினர் 11 பேர் இருந்தார்கள். அப்போது சீனக் கம்யூனிஸ்டு அரசுக்கு ஐ.நா.வில் இடமே கிடையாது. இருந்தாலும் 1955-ல் நேரே பீகிங் போய்ப் பிரதமர் சூ என்-லாயிடம் பேசினார். அவருடைய 50-வது பிறந்த நாளை ஒட்டி அத்தனை பேரும் விடுதலை!

1956-ல் சூயஸ் கால்வாய் சண்டை. சில நாட்களிலேயே ஐ.நா. அமைதிப் படையைத் திரட்டி எகிப்துக்கு அனுப்பினார். அடையாளம் தெரிவதற்காக ஹெல்மெட்டுகளுக்கு நீல வர்ணம் அடித்தார்கள். இந்திய வீரர்களும் அந்தப் படையில் இருந்தார்கள்.

காங்கோ வினை

1960-ல் காங்கோ விடுதலை அடைந்தது. செம்புச் சுரங்கம் நிறைந்த கட்டாங்கா மாகாணம் உடனே தனியாகப் பிரிந்தது. அதன் தலைவர் சோம்பேக்கு வெள்ளைக்காரக் கூலிப்படை துணை நின்றது.

ரஷியத் தலைவர் குருசேவ், ஹாமர்ஷீல்டை ராஜினாமா செய்யச் சொன்னார். முடியாது என்றார் இவர். பெரிய நாடுகளைவிடச் சின்ன நாடுகளுக்குத்தான் இந்தச் சபை தேவை என்று சொன்னார். சபையில் பலத்த கைதட்டல்!

1961 ஜனவரியில் காங்கோ பிரதமராக இருந்த லுமும்பா கொல்லப்பட்டார். ஐ.நா. அவரைக் காப்பாற்றவில்லை என்ற பழி இவர் தலையில் விழுந்தது. சண்டையை நிறுத்த சோம்பேயைச் சந்திக்கப் போன பயணமே கடைசிப் பயணம் ஆகிவிட்டது. அந்த வருட நோபல் அமைதிப் பரிசு இறந்த இவருக்கே கிடைத்தது.

கண்ணால் பார்த்தவர்கள்

காட்டில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் கறுப்பின ஏழைகள் அந்த இரவு அங்கே இருந்தார்கள். இன்னொரு விமானத்தையும் வானத்தில் பார்த்தோம் என்றார்கள். ரொடீசியா விசாரணைக் குழு அதை நம்பவில்லை. விமானியின் தவறு என்று முடித்துவிட்டது. ஐ.நா. நடத்திய விசாரணையோ காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் கையை விரித்தது.

அரை நூற்றாண்டு கழித்து, 2015-ல் ஐ.நா. வழக்கை மறுபடி தோண்டியது. அந்த ஏழைகளிடம் மீண்டும் கேட்டார்கள். தான்சானியா நாட்டுத் தலைமை நீதிபதியாக இருந்த முகமது சாண்டே ஒஸ்மான் விசாரித்தார். வெளித் தாக்குதலோ மிரட்டலோ காரணமாக இருக்க இடம் உண்டு என்று 2017-ல் அறிக்கை கொடுத்தார்.

சில வல்லரசுகள் ரகசிய பைல்களை முழுசாகக் காட்டவில்லை என்பது அவருடைய குறை. ஏழைகள் பார்த்ததைச் சொல்லிவிட்டார்கள். சொல்ல வேண்டியது பெரியவர்கள்தான்!