தீ அணைந்த பின்னர்

பேரிடர் நிவாரணத்துக்கு எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்று கேட்பது, பொருளாதாரம் பயிற்றுவித்த என் போன்றோரின் வழக்கம். கிளாரா பார்ட்டனின் வாழ்வைப் படித்தபின், எத்தனை நாள் உடனிருந்தார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

1821-இல் மாசசூசெட்ஸில் பிறந்த அவர், ஆசிரியையாகப் பணியாற்றியவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றோருக்குத் தொண்டு செய்தவர். போர் முடிந்ததும், காணாமற்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் நடத்தி, 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களுக்கு விடையளித்தார். ஏறத்தாழ 22 ஆயிரம் பேரின் கதி உறவினருக்குத் தெரிந்தது.

1881-இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு மிச்சிகனில் பரவிய காட்டுத்தீயே அதன் முதல் பேரிடர்ப் பணி. 1889-இல் ஜான்ஸ்டவுன் வெள்ளம் 2,200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, 67 வயதில் அங்கேயே ஐந்து மாதங்கள் தங்கி, வீடிழந்தோருக்குத் தங்குமிடங்கள் அமைத்தார். நிதி நிர்வாகம் குறித்துக் குறைகள் எழவே 1904-இல் பொறுப்பிலிருந்து விலகினார், 1912-இல் மறைந்தார்.

2018-இல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரைச் சூழ்ந்த தீயில் 85 பேர் மாண்டனர். பிழைத்தோருக்குக் காப்பீடு, எரிந்துபோன ஆவணங்கள், வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி என ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைச்சல். ஒரு குடும்பத்தின் தேவைகள் அனைத்துக்கும் ஒரே பணியாளர் பொறுப்பேற்று நெடுநாள் உடன்வரும் முறை, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 2006-இல்தான் இடம்பெற்றது.

நிவாரணத் தொகையை அறிவிக்கும் எந்த அரசும், அது உரியவர் கையைச் சேரும்வரை உடன்செல்லும் பணியாளருக்கும் ஊதியம் ஒதுக்க வேண்டும். அவ்வூதியமே தொகையை வீணாகாமல் காக்கும்.