30,000 ஜெர்மன் வார்த்தைகள் மனப்பாடம். பேச மட்டும் வரவில்லை! யார் இந்த ஃப்ரான்ஸ்வா குவான்?

ஜெர்மனி வேலைக்காக 'பி1' லெவல் படிக்கிற நண்பர் ஒருவராவது உங்கள் வாட்ஸ்அப்பில் இருப்பார். டெர், டி, டாஸ் அட்டவணை எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால், கடையில் ஒரு காபி கேட்கச் சொன்னால் வாய் வராது. இதே அவஸ்தையை 19-ம் நூற்றாண்டிலேயே முழுசாக அனுபவித்தவர் ஃப்ரான்ஸ்வா குவான். மொழி கற்பித்தல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இது.

1831-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். தொழில், லத்தீன் வாத்தியார். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்கும் ஆசையில் ஹாம்பர்க் நகரத்துக்குப் போனார். லத்தீனை எப்படிப் படித்தாரோ, அதே ரூட்டில் ஜெர்மனையும் பிடித்துவிடலாம் என்று நம்பினார். இலக்கணப் புத்தகம் முழுவதும், கூடவே ஒழுங்கில்லாத வினைச்சொற்கள் 248. பத்தே நாளில் மனப்பாடம்!

நேராக வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை.

சரி, அடித்தளம் போதவில்லை போல என்று 800 வேர்ச்சொற்களை உருப்போட்டார். பயனில்லை. கதேயையும் ஷில்லரையும் மொழிபெயர்த்துப் பார்த்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் அகராதியையே கையில் எடுத்து 30,000 வார்த்தைகளை மனப்பாடம் செய்தார். மறுபடி வகுப்பு, மறுபடி பூஜ்யம். மனுஷனின் விடாமுயற்சியைப் பாராட்டுவதா, பரிதாபப்படுவதா என்றே தெரியவில்லை.

இத்தனைக்கும் அவர் இருந்தது ஜெர்மன் பேசும் ஊர். ஜன்னலைத் திறந்தாலே பாடம்தான். நடுவில் ஒரு தடவை முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தும் பார்த்தார். அவர் பேசியதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். வெட்கமாகிப் போய், திரும்பவும் அறைக்குள் புத்தகத்தோடு அடைந்துவிட்டார்.

திருப்பம் கொடுத்த மூணு வயசுப் பையன்

தோற்றுப்போய் ஊர் திரும்பியவருக்கு வீட்டில் ஓர் ஆச்சரியம். கிளம்பும்போது சரியாகப் பேச்சு வராத, உடன்பிறந்தவரின் குழந்தை, இப்போது பிரெஞ்சில் வெளுத்து வாங்குகிறான். அகராதி இல்லை, அட்டவணை இல்லை. எப்படி?

விடை ஒரு மாவு மில்லில் கிடைத்தது. மில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பையன், பார்த்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னான். அப்புறம் சின்னச் சின்ன மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு, தானே மில்காரனாக மாறி விளையாட ஆரம்பித்தான். ஒவ்வொரு வேலையைச் செய்யும்போதும் வாயும் கூடவே ஓடியது. குழந்தை வார்த்தைகளைத் தனித்தனியாகச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு காரியத்தை, இது முடிந்து அது என்ற வரிசையில், வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு படிக்கிறது. குவான் கண்டுபிடித்தது இதைத்தான்.

1880-ல் இதைப் புத்தகமாக எழுதினார். 'சீரிஸ் முறை' என்று பெயர் வந்தது. அதில் பிரபலமான பாடம், கதவு திறப்பது. அவ்வளவுதான்! ஆசிரியர் கதவை நோக்கி நடக்கிறார், நெருங்குகிறார், நிற்கிறார், கையை நீட்டுகிறார், கைப்பிடியைத் திருப்புகிறார், இழுக்கிறார், கதவு நகர்கிறது. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு வாக்கியம். மாணவர்களும் செய்துகொண்டே சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு தேவையில்லை, கண்ணெதிரே நடக்கிறதே! கதவு நகரும்போது எழுவாய் மாறுகிறது, வினையின் வடிவமும் மாறுகிறது. இலக்கணம் என்று யாரும் சொல்லாமலே அது உள்ளே போய்விடும். தீ மூட்டுவது, தண்ணீர் எடுப்பது என்று எந்த வீட்டு வேலையையும் இப்படிப் பாடமாக்கலாம்.

1892-ல் புத்தகம் ஆங்கிலத்தில் வந்ததும் பெயர் பரவியது. 1896-ல் குவான் இறந்தார். சில காலம் ஓகோவென்று இருந்த முறை, அமெரிக்காவில் 1878-ல் பள்ளி தொடங்கிய பெர்லிட்ஸின் 'நேரடி முறை' கொடிகட்டிப் பறந்ததும் பின்னுக்குப் போனது.

குறை இல்லாமல் இல்லை. கதவைத் திறந்து காட்டலாம். சந்தேகத்தையும் பொறாமையையும் எப்படி நடித்துக் காட்டுவது? இன்னொன்று, சீரிஸில் மாணவர் சொல்லும் வாக்கியம் முன்கூட்டியே தயாரானது. ஆனால் அந்தப் பையன் மில் கதையை யாரிடமோ சொன்னான். கேட்க வீட்டில் ஆள் இருந்தது. குவான் வரிசையை எடுத்துக்கொண்டார், கேட்கும் ஆளை விட்டுவிட்டார்.

அந்தப் பாதியை நிரப்ப ரொம்ப நாள் ஆனது. 1979-ல் என்.எஸ்.பிரபு என்ற ஆங்கிலக் கல்வி நிபுணர் பெங்களூருவை மையமாக வைத்து ஒரு திட்டம் தொடங்கினார். சென்னை வகுப்பறைகளிலும் அது நடந்தது. இலக்கணப் பாடத்துக்குப் பதில் மாணவர்கள் கையில் ரயில் கால அட்டவணையும் வரைபடமும் கொடுக்கப்பட்டன. எந்த ரயிலைப் பிடிக்கலாம், எந்த வழியில் போகலாம் என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். விடை சரியா, தப்பா என்பதுதான் முக்கியம். வாக்கியத்தில் பிழை இருந்தாலும் பரவாயில்லை. இன்று உலகம் முழுக்க 'டாஸ்க்' வகுப்புகள் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடும் திட்டம் இது.