மட்டை பிடித்த மலைமகன்

பச்சைமலை அடிவாரத்து வேப்பந்தட்டையிலே மட்டையேந்தும் மாணவத் தோழர்கட்கு நாம் ஒரு வீரரை நினைவூட்டுகிறோம். ஜெய்பால் சிங் முண்டா! 1903-ல் ராஞ்சிப் பக்கத்தே ஆதிவாசிக் குடியிலே பிறந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக ஹாக்கி அணியிலே ஒளிவிட்டார். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்திய அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு! ஐ.சி.எஸ். பயிற்சியிலிருந்தவருக்கு விடுப்போ மறுக்கப்பட்டது. பதவியா, பந்தாட்டமா? பதவியைத் துச்சமென மதித்துப் புறப்பட்டார். இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை. ஆயினும், 29 கோல் போட்டு ஒன்றுகூட வாங்காமல் தங்கம் வென்றது அவரது அணி.

மாலைகளோடு மயங்கினாரா? இல்லை! 1939-ல் ஆதிவாசி மகாசபைத் தலைவரானார். 1946 முதல் அரசியல் நிர்ணய சபையிலே தம் மக்களின் உரிமைக்கு முழங்கினார். 1970-ல் மறைந்தார். அவர் கேட்ட ஜார்க்கண்ட் மாநிலம் 2000-த்திலே பிறந்தது. கோல் பின்னர் விழுந்தது, தோழர்களே. பந்தை முன்னே செலுத்தியவர் அவர் என்போம் நாம்!