குடியாத்தம் திறந்த வாயில்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதவியல்

பொதுத்தேர்தலை ஊர்த் திருவிழா என்று சொன்னால், இடைத்தேர்தலைத் தனி வீட்டுத் திருமணம் என்று சொல்லலாம். திருவிழாக் கூட்டத்தில் எவரும் ஆயிரத்தில் ஒருவராய்க் கலந்து மறைந்துவிடலாம். திருமண வீட்டிலோ எல்லார் கண்ணும் மணமேடை மேல்தான். ஓர் உறுப்பினர் இறந்தாலோ, பதவி விலகினாலோ, அவருடைய தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானாலோ சட்டமன்றத்தில் ஓர் இடம் காலியாகிறது. அந்த ஓர் இடத்துக்காக ஒரு தொகுதி மக்கள் மட்டும் வாக்களிக்கிறார்கள். நாடு முழுவதும் அந்த ஊரையே உற்றுப் பார்க்கிறது.

அப்படித் தமிழகம் உற்றுப் பார்த்த ஊர்களுள் ஒன்று குடியாத்தம். பார்க்க வைத்தவர் பெருந்தலைவர் காமராசர். கல்விக்கண் திறந்தவர், கர்மவீரர், படிக்காத மேதை என்றெல்லாம் அவரைப் பற்றி நம் போன்ற மாணவர்கள் எத்தனையோ ஆண்டு மலர்களில் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது வாக்காளர் முன்னே கைகூப்பி நின்ற காமராசரைப் பற்றி.

1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள், அன்று விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். சிறுவனாயிருக்கும்போதே தந்தையை இழந்தார். படிப்பு இடையில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். கடையில் அவர் உடல் இருந்ததே தவிர, உள்ளம் ஊருக்கு வரும் தலைவர்களின் பொதுக்கூட்டங்களிலேயே இருந்தது. விடுதலைப் போராட்டத்தில் இறங்கியவர், 1930-ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். தீரர் சத்தியமூர்த்தியை அரசியல் ஆசானாகக் கொண்டார். 1937-இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரசுக் கட்சியின் தலைவரானார்.

பதவியை அவர் எப்படி மதித்தார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1940-ஆம் ஆண்டின் இறுதியில் கைதாகி வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், விருதுநகர் நகராட்சி மன்றம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சிறையிலிருக்கும் ஒருவரைத் தலைவராக்கியது அந்த ஊர் அவர்மேல் வைத்த அன்பு. 1941-இல் விடுதலையாகி வந்த அவர் செய்த முதற்காரியம் அந்தப் பதவியை விட்டு விலகியதுதான். முழு நேரமும் உழைத்துச் செய்ய முடியாத பதவியில் பெயருக்கு அமர்ந்திருப்பது முறையன்று என்பது அவர் கொள்கை. நாற்காலி என்பது உழைப்பதற்கு உரிய இடம் என்று கருதிய மனிதர் அவர்.

இனி 1954-க்கு வருவோம். 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152-தான். பெரும்பான்மை இல்லை. அந்நெருக்கடியில் மூதறிஞர் இராசாசி முதலமைச்சராக அழைக்கப்பட்டார். அவர் எந்தத் தொகுதியிலும் போட்டியிட்டவர் அல்லர். ஆளுநர் அவரை மேலவை உறுப்பினராக நியமித்தார். 1953-இல் அவர் கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. இருக்கின்ற பள்ளிகளையும் ஆசிரியர்களையும் கொண்டே இன்னும் அதிகமான பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது இராசாசியின் எண்ணம். வண்ணான் மகன் வண்ணானாகவும் குயவன் மகன் குயவனாகவும் நின்றுவிட நேருமே என்பது எதிர்த்தவர்களின் அச்சம். தந்தை பெரியாரும் அறிஞர் அண்ணாவும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. இராசாசி பதவி விலகினார்.

சட்டமன்றக் காங்கிரசுக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியத்தை வென்ற காமராசர், 1954 ஏப்பிரல் 13-ஆம் நாள் முதலமைச்சராகப் பதவியேற்றார். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். சில வாரங்களில் அந்தக் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார்.

ஆனால் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. அப்போது அவர் திருவில்லிபுத்தூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர். சென்னைச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் அவருக்கு இடமில்லை. நம் அரசியலமைப்பின் 164-ஆவது விதி, உறுப்பினர் அல்லாத ஒருவர் அமைச்சராகலாம் என்கிறது. ஆனால் தொடர்ந்து ஆறு மாதத்துக்குள் அவர் உறுப்பினராகாவிட்டால் பதவி தானே போய்விடும். ஆக, காமராசருக்கு இருந்த தவணை அக்டோபர் வரைதான்.

முன்னே இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்று மேலவை. அது சட்டம் அனுமதித்த வழி. அதில் நுழைவது குற்றமுமன்று. பின்னாளில், 1967-இல், நாடாளுமன்ற உறுப்பினராயிருந்து முதலமைச்சரான அண்ணாவும் மேலவை வழியாகவே வந்தார். மற்றொன்று இடைத்தேர்தல். காமராசர் இரண்டாவது வாயிலைத் தட்டினார்.

தட்டிய இடமும் கவனிக்கத்தக்கது. அவருடைய சொந்த ஊர் தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. குடியாத்தமோ வடக்கே, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், பாலாற்றுப் பக்கத்து நெசவாளர் ஊர். உறவு என்றும் ஊர்க்காரர் என்றும் சொல்லிக்கொள்ள அங்கே அவருக்கு எதுவுமில்லை. எந்த மாவட்டத்தின் சிறையில் கைதியாகக் கிடந்தாரோ, அதே மாவட்டத்துக்கு முதலமைச்சராகவும் வேட்பாளராகவும் வந்து நின்றார். கம்யூனிஸ்டுக் கட்சி அவரை எதிர்த்தது. காங்கிரசைக் கடுமையாக எதிர்த்துவந்த திராவிட முன்னேற்றக் கழகம், இம்முறை அவரை ஆதரித்தது. பெரியாரும் ஆதரித்தார். காமராசர் வென்றார்.

ஆட்சியிலிருக்கும் முதலமைச்சர் வெல்வதில் என்ன வியப்பு என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். ஆளுங்கட்சிக்கு இடைத்தேர்தலில் கை ஓங்கியிருப்பது நாம் கண்கூடாகக் காண்பதே. ஆயினும் அது எழுதிவைத்த விதியன்று. 1971-இல் உத்தரப் பிரதேச முதலமைச்சராயிருந்த திரிபுவன் நாராயண் சிங், மணிராம் இடைத்தேர்தலில் தோற்றுப் பதவி இழந்தார். 2009-இல் ஜார்க்கண்டு முதலமைச்சர் சிபு சோரன், தமார் இடைத்தேர்தலில் தோற்றுப் பதவி விலகினார். ஒரு சிறு தொகுதி மக்கள் ஒரு மாநிலத்தின் முதலமைச்சரையே மாற்ற முடியும். அந்த ஆபத்து உண்டு என்று தெரிந்தும் போய் நிற்பதில்தான் பெருமை இருக்கிறது.

இந்த ஆறு மாதத் தவணையை ஏமாற்றவும் முயன்றவர்கள் உண்டு. பஞ்சாபில் தேர்தலில் நிற்காமலே அமைச்சரானவர் ஒருவர், ஆறு மாதம் முடிந்ததும் விலகி, மீண்டும் அமைச்சராக்கப்பட்டார். அது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலியிடத்தை அரசு விருப்பம்போல் நிரப்பாமல் விட்டுவைக்கவும் கூடாது என்று, 1996-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது அதன் கட்டளை. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாயிருந்தாலோ, அக்காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையமும் நடுவண் அரசும் கலந்து சான்றளித்தாலோ மட்டும் விலக்கு உண்டு. இந்தச் சட்டங்களெல்லாம் வருவதற்கு முன்பே, சட்டத்தின் உட்பொருளை உணர்ந்து நடந்தவர் காமராசர்.

குடியாத்தத்து மக்கள் திறந்த அந்த வாயில் வழியே கோட்டைக்குள் சென்ற அவர், 1957-லும் 1962-லும் சாத்தூரில் வென்று ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராயிருந்தார். சிற்றூர்தோறும் பள்ளிகள் எழுந்தன. 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடியும்வரை கட்டணமின்றிப் படித்தனர். வைகை, சாத்தனூர், அமராவதி அணைகள் எழுந்தன. என் பாட்டனார் கைநாட்டு. அந்தக் காலத்தில் எங்கள் சிற்றூருக்கு வந்த ஓராசிரியர் பள்ளியில்தான் பின்னாளில் என் தந்தையார் எழுத்தறிந்தார். மதிய உணவு உண்டு எட்டாம் வகுப்பு வரை படித்தார். நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள். ஆகவே குடியாத்தத்து இடைத்தேர்தலை வெறும் வரலாற்றுக் கணக்காக என்னால் எண்ண முடியவில்லை. ஊரும் பேரும் தெரியாத நெசவாளிகளும் உழவர்களும் அன்று போட்ட வாக்கில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றே எண்ணுகிறேன்.

1963 அக்டோபர் 2-ஆம் நாள், கட்சிப் பணிக்காகத் தாமே முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். அகில இந்தியக் காங்கிரசுத் தலைவராகி, நேருவுக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரியும், அவருக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு வழிவகுத்தார். பிரதமர்களை உருவாக்கிய அவரை 1967-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரே தோற்கடித்தது. வென்றவர் தி.மு.க.வைச் சேர்ந்த பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர். வாக்கு வேறுபாடு 1,285. சொந்த மண் கைவிட்ட நோவு எப்படியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். மக்கள் தீர்ப்பை அவர் தலைவணங்கி ஏற்றார்.

மீண்டும் ஓர் இடைத்தேர்தல் வந்தது. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையப் பாடுபட்ட மார்சல் நேசமணி 1968-இல் மறைந்தார். அவர் வகித்த நாகர்கோயில் நாடாளுமன்றத் தொகுதி காலியானது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தபோது முதலமைச்சராயிருந்தவர் காமராசர். 1969 சனவரியில் அந்த மக்கள் முன்னே சென்று நின்றார். இம்முறை அவர் முதலமைச்சர் அல்லர். மாநில ஆட்சி எதிரணியின் கையிலிருந்தது. தோற்றுப்போன ஒரு முதியவராகவே வாக்குக் கேட்டார். குமரி மக்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் அவரை வெற்றிபெறச் செய்தனர். 1971-லும் அத்தொகுதி அவரையே தேர்ந்தெடுத்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள், முதலமைச்சர் பதவியை உதறிய அதே காந்தி பிறந்தநாளில், அவர் மறைந்தார். மறுமையாண்டு, 1976-இல், அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

பதவியில் ஏறிய நாளில் ஓர் இடைத்தேர்தல், பதவியெல்லாம் போன நாளில் மற்றோர் இடைத்தேர்தல். முதலாவதில் அதிகாரம் இருந்தும் மக்களின் ஒப்புதலைத் தேடிச் சென்றார். இரண்டாவதில் அதிகாரமில்லாமலும் மக்களை நம்பிச் சென்றார். இரண்டு முறையும் அவர் சென்ற இடம் ஒன்றே.

பதினெட்டு வயதிலேயே வாக்குரிமை பெற்றிருக்கும் மாணவத் தோழர்களே! நம்மில் யாருடைய தொகுதிக்கேனும் நாளை ஓர் இடைத்தேர்தல் வரலாம். வீட்டு வாசலுக்கு அமைச்சர்கள் வருவார்கள். சாலைக்கு ஒரே இரவில் தார் வரும். வேறு சிலவும் வரக்கூடும். ஓர் இடம்தானே, இதனால் ஆட்சியா மாறப்போகிறது என்று நம்மிடமே சிலர் சொல்வார்கள். குடியாத்தத்திலும் இருந்தது ஓர் இடம்தான். அந்த ஓர் இடத்துக்கு ஒரு முதலமைச்சர் தம் பதவியைப் பணயம் வைத்து வந்து நின்றார் என்றால், அதன் மதிப்பு என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாக்களிக்கும் நமக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.