தியான் சந்த்

செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில் 2022ஆம் ஆண்டு சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. அதற்கென வந்திருந்த தன் அணியைப் பாகிஸ்தான் அரசியற் காரணம் காட்டித் திரும்ப அழைத்துக்கொண்டது. நாட்டுணர்வை விளையாட்டுக் களத்தில் எவ்வாறு காட்டுதல் தகும்? இவ்வினாவிற்குத் தம் வாழ்வால் விடை தந்தவர் தியான் சந்த்.

அவர் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். 1922இல் ஆங்கில அரசின் படையிற் சேர்ந்தார். ஹாக்கி எனப்படும் வளைகோற்பந்தாட்டத்தை அங்கே திறம்படப் பயின்றார். 1928, 1932 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்ற அணியில் விளங்கினார். 1936இல் அணித்தலைவராகப் பெர்லின் நகரம் சென்றார். தொடக்க விழாவில் இந்தியர் இட்லருக்கு நாசி முறையில் கையுயர்த்தி வணக்கம் செலுத்தவில்லை.

ஆகஸ்டு 15ஆம் நாள் செருமானியரோடு இறுதியாட்டம். களம் புகுமுன், உடைமாற்றும் அறையில் காங்கிரசின் மூவண்ணக் கொடியை விரித்து வீரர்கள் வணங்கினர். ஆங்கிலேயரிடம் ஊதியம் பெற்ற படைவீரராகிய தியான் சந்துக்கு அச்செயல் இடர் விளைக்கத் தக்கது. எனினும் அவர் அஞ்சவில்லை. பின்னர் ஆட்டவிதி வழுவாது ஆடி, எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றனர். பதினோராண்டுகளின் பின் அதே நாளில் நாடு விடுதலை எய்தியது.

தியான் சந்த் 1979இல் மறைந்தார். அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. உள்ளத்துணர்வை ஒளித்தலும் வேண்டா, ஆட்டத்தைக் குலைத்தலும் வேண்டா என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் நெறியாகும்.