பூத்தையல் படித்த வைத்தியர்

1894இல் பிரான்சின் லியோன் நகரில் ஜனாதிபதி சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றினுள் கிழிந்த பெரிய நாளத்தைத் தைக்க எந்த வைத்தியருக்கும் வழி தெரியவில்லை. குருதி வடிந்தே இறந்தார். அந்தக் கையறுநிலை எங்களுக்குப் புதிதல்ல.

அதே நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் கரெலுக்கு அப்போது 20 வயது. அவர் பூத்தையல் செய்யும் பெண் ஒருவரிடம் போய் ஊசி பிடிக்கப் பழகினார். அறுந்த குழாயின் வட்ட விளிம்பை மூன்று தையல்களால் இழுத்தால் அது முக்கோணமாகும். பிறகு நேர்கோட்டில் தைக்கலாம். 1902இல் இந்த முறையை வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவில் நாய்களுக்குச் சிறுநீரகம் மாற்றிப் பார்த்தார். அதே நாயின் சிறுநீரகத்தைத் திரும்பப் பொருத்தினால் இயங்கியது. வேறு நாயினது நீடிக்கவில்லை. தையலில் பிழையில்லை. பெறுபவரின் நோயெதிர்ப்பு, புதிய சிறுநீரகத்தின் குருதிக்கலன்களைத் தாக்குகிறது. அவற்றின் சுவர் தடித்து ஒடுங்க, குருதியை வடிக்கும் நுண்ணிய கலன்கோளங்கள் பழுதாகின்றன. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் எங்கள் உறவுகள் மாத்திரையை ஒருநாளும் தவறவிடக் கூடாதென்பது இதனால்தான்.

முதலாம் உலகப் போரில், காயங்களைக் கிருமிநாசினிக் கரைசலால் கழுவும் முறையை டேக்கினுடன் சேர்ந்து உருவாக்கினார். பலரின் கால்கள் வெட்டப்படாமல் தப்பின.

ஆனாலும் என்னால் அவரை முழுதாகப் போற்ற முடியவில்லை. 1935இல் எழுதிய நூலில், கொடிய குற்றவாளிகளையும் குற்றம் புரிந்த மனநோயாளிகளையும் வாயுவால் கொல்லலாம் என்றார். பின்னர் நாசிகளுக்கு ஒத்துழைத்த விஷி அரசின் ஆதரவில் ஓர் ஆய்வு நிறுவனம் நடத்தினார். 1944 நவம்பரில், பாரிஸ் விடுவிக்கப்பட்ட பின், துரோகக் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே இறந்தார்.