பாகிஸ்தான் எல்லைக்கு தனிப்படை கட்டிய போலீஸ்காரர்... யார் இந்த ருஸ்தம்ஜி?

இன்றைக்கு எல்லைப் பாதுகாப்புப் படையில் (பி.எஸ்.எஃப்) 2.5 லட்சம் பேருக்கு மேல் இருக்காங்க. ஆனால் 1965 வரைக்கும் அப்படி ஒரு படையே கிடையாது! பாகிஸ்தான் எல்லையில் பெரும்பாலும் காவலுக்கு நின்றது அந்தந்த மாநில ஆயுதப்படை போலீஸ்தான்.

1965 ஏப்ரல் 9. குஜராத்தின் கட்ச் பகுதியில் சர்தார் போஸ்ட் உள்ளிட்ட காவல் சாவடிகளை பாகிஸ்தான் ராணுவம் தாக்கியது. சி.ஆர்.பி.எஃப் வீரர்கள் தடுத்து நின்றார்கள். ஆனாலும், ராணுவமே வந்து மோதினால் போலீஸ் காவல் தாங்காது என்பது டெல்லிக்குப் புரிந்தது. அந்த டிசம்பர் 1-ல் பி.எஸ்.எஃப் பிறந்தது. தலைவர், கே.எஃப். ருஸ்தம்ஜி.

நாக்பூர் அருகே காம்ப்டியில் 1916-ல் பிறந்த பார்சி. 1938-ல் போலீஸ் வேலை. பிரதமர் நேருவின் பாதுகாப்பு அதிகாரியாக ஆறு வருஷம், பிறகு மத்தியப் பிரதேச போலீஸ் தலைவர். சம்பல் கொள்ளையர்களோடு மோதியது அப்போதுதான்.

புதுப்படைக்கு ஆள் எங்கே? எல்லையில் ஏற்கெனவே நின்ற மாநில போலீஸ் படைகளையே 25 பட்டாலியன்களாக எடுத்துக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு பழக்கம். இவர்களை ஒரே படையாக்குவதுதான் ருஸ்தம்ஜிக்கு உண்மையான தலைவலி. குவாலியர் பக்கம் தேகன்பூரில் 1966-லேயே பயிற்சி அகாடமி வந்தது. 1969-ல் விமானப் பிரிவு, 1971-ல் பீரங்கிப் பிரிவு.

அதே 1971-ல் கிழக்கு பாகிஸ்தான் பற்றி எரிந்தபோது, முக்தி வாஹினிக்கு முதலில் கைகொடுத்தது இந்தப் படைதான். உருவாகி ஆறு வருஷம்கூட ஆகலை!

1974 வரை அவர்தான் தலைவர். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கலை. பீகார் சிறைகளில் விசாரணையே முடியாமல் அடைந்து கிடந்தவர்களைப் பற்றி பத்திரிகையில் எழுதினார். அதை வைத்து தொடரப்பட்டதுதான் 1979-ன் புகழ்பெற்ற ஹுசைனாரா காத்தூன் பொதுநல வழக்கு. 1991-ல் பத்ம விபூஷண். 2003-ல் காலமானார்.